தனி ஆசிரியரின் ரியூசன் வகுப்புக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் தனியாக ரியூசன் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களைக் களைக்க வைப்பது படிப்பிக்கும் நேரத்தைவிட, படிப்பித்து முடித்த பின்பும் முடியாமல் நீளும் தொலைபேசி வேலைதான் என்பது என்னுடைய உறுதியான எண்ணம். கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த கொட்டகை ஒன்றில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் பௌதிக விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளும் இந்தப் பாடத்தை எடுப்பதால், ஒரு வகுப்பு நன்றாகப் போகிறது என்ற பேச்சு எழுந்துவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வார்கள். வகுப்பு அப்படி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் நான் பாவிக்கத் தொடங்கி இன்றுவரை விடாமல் வைத்திருக்கும் செயலி வட்ஸ்அப் பிஸ்னஸ். 2018 ஜனவரியில் சிறு வியாபாரிகளுக்காக வெளியிடப்பட்ட இந்த இலவசச் செயலி, கடை எதுவும் இல்லாத ஓர் ஆசிரியருக்கு எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை என் வகுப்பு அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, தொழில்சார் சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தினால் உண்டாகும் நிலை என்று விளக்குகிறது. உடலும் மனமும் சக்தியிழந்து போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு உண்டாதல், செய்யும் வேலையின் திறன் குறைதல் என்று மூன்று அடையாளங்களை அது சொல்கிறது. இவற்றுள் இரண்டாவதைத்தான் ரியூசன் ஆசிரியர்கள் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். களைப்பு ஒரு நல்ல நித்திரையோடு தீர்ந்துவிடலாம். ஆனால் தொலைபேசி ஒலிக்கும்போதே எரிச்சல் வருகிறது, பெற்றோரின் பெயர் திரையில் தெரிந்தவுடன் மனம் சுருங்குகிறது என்ற நிலை வந்துவிட்டால், அந்தக் கசப்பு மறுநாள் காலை வகுப்பில் இருக்கும் பிள்ளையின் மேல்தான் போய் விழும்.

பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001இலிருந்து இசட் புள்ளியே, அதாவது பாடங்களின் கடினத்தை ஈடுசெய்து கணிக்கப்படும் புள்ளியே, அளவுகோலாக இருக்கிறது. உயிரியல், கணிதம் போன்ற பிரிவுகளில் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதமும் என இடங்கள் பிரிக்கப்படுகின்றன. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்குள் போகுமா வெளியில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும்போது, ஒரு மாதப் பரீட்சையில் பத்துப் புள்ளி குறைந்ததைக் கண்ட தாய் இரவு பத்தரைக்கு ஆசிரியருக்கு எழுதுவது இயல்பானதே. இவர்களுக்குள் வெளிநாட்டில் வேலை செய்யும் தகப்பன்மாரும் அடங்குவார்கள். கோடை காலத்தில் லண்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. ரொறன்ரோவில் மதிய இடைவேளை என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில்தான் எழுதுகிறார்கள். அது எங்களுடைய நித்திரை நேரமாக அமைந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் ஓர் ஆசிரியர் பெற்றோருக்கு மறுமொழி எழுதாமல் விடுவது வெறும் தாமதமாகக் கருதப்படுவதில்லை. மதிக்காமல் விட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். “ரீச்சர் இப்ப பெரிய ஆளாகிட்டா” என்ற பேச்சு அடுத்த வீதி வரைக்கும் போய்ச் சேரும். இதற்குப் பயந்துதான் பலர் இரவு பதினொரு மணிக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனவே, இரவில் மறுமொழி எழுதாமல் இருக்கவும் வேண்டும், அதே வேளை மரியாதை குறையாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய ஒரு செயலி உதவுகிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். வட்ஸ்அப் பிஸ்னஸ் இந்த ஒன்றைத் திறமாகச் செய்கிறது.

நிறுவும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது சாதாரண வட்ஸ்அப்பிலிருந்து வேறான செயலி. இரண்டையும் ஒரே தொலைபேசியில் வைத்திருக்கலாம், ஆனால் ஒரே இலக்கத்தை இரண்டிலும் பதிவு செய்ய இயலாது. இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசியில் வகுப்புக்கென்று தனி இலக்கம் ஒன்றை எடுப்பதே எளிது. வீட்டில் நிலையான தொலைபேசி இருந்தால் அந்த இலக்கத்தையும் பதியலாம். சரிபார்ப்புக் குறியீடு குறுஞ்செய்தியாக வராது, அழைப்பாக வந்து வாசித்துச் சொல்லப்படும். இது வயதான ஆசிரியர்களுக்குப் பெரிய வசதி, ஏனெனில் பல ஆண்டுகளாக ஊரார் அறிந்த வீட்டு இலக்கமே வகுப்பின் இலக்கமாகவும் ஆகிவிடும். சொந்த இலக்கத்தையே அப்படியே வணிகச் செயலிக்கு மாற்றுவதற்கும் வழி உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறவினரின் கலியாணப் படமும் பிள்ளையின் புள்ளிப் பட்டியலும் ஒரே திரையில் வந்து விழும்வரை, எந்த வசதியைப் பூட்டினாலும் வேலை வீட்டுக்குள் புகுந்துகொண்டேதான் இருக்கும்.

இனி, நான் இந்தச் செயலியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமான வசதிக்கு வருகிறேன். செயலியில் நாளுக்கு நாள் வேறுவேறாக வேலை நேரத்தைக் குறிக்கலாம். அந்த நேரத்துக்கு வெளியே யார் எழுதினாலும் நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்த மறுமொழி தானாகவே போய்ச் சேரும். பாடசாலை ஒன்றரைக்கு விட்டு, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு வகுப்புக்கு வருகிறார்கள் என்பதால், பெற்றோருடன் கதைப்பதற்கு நான் வைத்திருக்கும் நேரம் கிழமை நாள்களில் பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரையும், வகுப்பு முடிந்தபின் மாலை ஏழு முதல் எட்டு வரையும்தான். ஞாயிறு பிற்பகல் முழுவதும் மூடியிருக்கும். நான் எழுதிவைத்திருக்கும் மறுமொழி இது: “வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. வகுப்பு நேரமும் ஓய்வு நேரமும் தவிர்ந்த வேளையில், பகல் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் அல்லது மாலை 7 மணிக்குப் பின் கட்டாயம் மறுமொழி எழுதுவேன். பிள்ளை வகுப்பிலிருந்து வீடு வந்து சேராவிட்டால் மட்டும் உடனே அழைக்கவும்.”

கடைசி வசனத்தைச் சேர்த்ததில் ஒரு காரணம் இருக்கிறது. மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் தனியாகப் போகும் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு, ரீச்சர் தொலைபேசியை மூடிவைத்துவிட்டார் என்ற எண்ணமே பயத்தை உண்டாக்கும். எந்த விடயத்துக்கு அழைக்கலாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகு, மற்ற விடயங்களுக்கு அழைப்பது தானாகவே குறைந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனின் தாய் இரவில் “ரீச்சர், நாளைக்கு வகுப்பு இருக்கோ?” என்று எழுதியிருந்தார், தானியங்கி மறுமொழியைக் கண்டதும் அதன் கீழேயே “சரி ரீச்சர், ஆறுதலாச் சொல்லுங்கோ, பிரச்சினை இல்லை” என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார். செய்தி போய்ச் சேர்ந்தது என்பதும், எப்போது மறுமொழி வரும் என்பதும் தெரிந்தால் எங்கள் பெற்றோர் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

இந்த மறுமொழியை எல்லோருக்கும் அனுப்பலாம், தொலைபேசியில் பெயர் பதியப்படாதவர்களுக்கு மட்டும் அனுப்பலாம், குறிப்பிட்ட சிலரைத் தவிர்த்தும் அனுப்பலாம். என் உதவியாசிரியரையும் போட்டோக்கொப்பிக் கடைக்காரரையும் விலக்கிவைத்திருக்கிறேன். ரியூட், அதாவது வகுப்பில் கொடுக்கும் பாடக் குறிப்புத் தாள், அச்சாகிவிட்டதா என்று கேட்கும் மனிதருக்கு ஒவ்வொரு முறையும் அலுவலக நேரம் சொல்லிக்கொண்டிருப்பது அழகல்ல. குறித்த நாள்களுக்கு மட்டும் தனி மறுமொழி போடவும் முடியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும்போதும், தேர், தீர்த்த நாள்களில் வகுப்பு இல்லாதபோதும் அந்தத் தகவலையே மறுமொழியாக வைத்துவிடலாம்.

ஆனால் இதே வசதியில் ஒரு முக்கியமான குறை உண்டு. தொலைபேசி இணைய இணைப்பில் இருக்கும்போது மட்டுமே இந்தத் தானியங்கி மறுமொழி போகும். இரவில் நிம்மதியாக நித்திரை கொள்ள விரும்பி டேற்றாவை நிறுத்தினால், அந்த மறுமொழியும் நின்றுவிடும். காலையில் இணைப்பைக் கொடுக்கும்வரை எழுதியவருக்கு ஒன்றுமே போகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை மறக்காதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும். மின்சாரம் போனால் வீட்டு வைஃபையும் போய்விடும். இதற்கு நான் கண்ட வழி, வகுப்பு இலக்கத்துக்கென்று விலை குறைந்த ஒரு பழைய தொலைபேசியை ஒதுக்கி, அதை டேற்றா இணைப்போடு சத்தத்தை முற்றாக நிறுத்தி வகுப்புக் கொட்டகையின் மேசை இலாச்சிக்குள்ளேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் வருவது. தொலைபேசி தன் வேலையைச் செய்யும், நான் என் வீட்டு வேலையைப் பார்க்கலாம்.

இன்னொரு குறை அழைப்புகள் பற்றியது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்கு மறுமொழி அனுப்பும் இந்தச் செயலி, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை மறிப்பதில்லை. தெரியாத இலக்கங்களிலிருந்து வரும் அழைப்புகளின் ஒலியை நிறுத்தும் வசதி 2023இல் வட்ஸ்அப்பில் வந்தது. ஆனால் எங்களை அழைக்கும் பெற்றோரின் இலக்கங்கள் எல்லாமே பதியப்பட்டவை என்பதால் அதனால் எங்களுக்குப் பயன் குறைவு. வேலை நேரத்தை அழைப்புக்கும் பொருந்தச் செய்யும் ஒரு வழி வந்தால், ஆசிரியர்களும் வைத்தியர்களும் ஒருங்கே நன்றி சொல்வார்கள்.

விரைவு மறுமொழி என்ற வசதி, எண்ணிப் பார்த்தால் அதிக நேரத்தை மிச்சப்படுத்தித் தந்திருக்கும். சாய்கோடு ஒன்றைத் தட்டி ஒரு சுருக்கச் சொல்லை எழுதினால், முன்பே சேமித்த முழுப் பந்தியும் வந்து நிற்கும். இப்படி 50 வரை சேமிக்கலாம். வகுப்பு இடத்துக்கு வரும் வழி, நேரசூசி, கடந்தகால வினாத்தாள்களை எந்த ஒழுங்கில் செய்யத் தொடங்க வேண்டும், பல்தேர்வின் 50 வினாக்களுக்கும் 2 மணித்தியாலத்தை எப்படிப் பங்கிடுவது ஆகியவற்றை ஒருமுறை யோசித்து எழுதிவைத்தேன். முன்பு களைத்துப்போன வேளைகளில் ஒருவருக்கு விரிவாகவும் இன்னொருவருக்கு ஒற்றைச் சொல்லிலும் பதில் போகும். இப்போது கடைசியாகக் கேட்கும் பெற்றோருக்கும் முதலாவதாகக் கேட்டவருக்குக் கிடைத்த அதே விளக்கம் கிடைக்கிறது, அது நியாயமும்கூட.

மாதக் கட்டணத்தை ஞாபகப்படுத்துவதே எங்களுக்கு மனதளவில் மிகவும் கனமான வேலை. காசைப் பற்றி ஓர் ஆசிரியர் கதைப்பது இங்கே கூச்சமான விடயம்; கேட்காமலே விட்டு, மாதங்கள் சேர்ந்து, பிள்ளை வெட்கத்தில் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் நிலையைப் பல ஆசிரியர்கள் கண்டிருப்பார்கள். நான் சேமித்து வைத்திருக்கும் செய்தி பெற்றோருக்கு மட்டுமே போகும், பிள்ளைக்குப் போகாது. “அம்மா, இந்த மாத வகுப்புக் கட்டணம் இன்னும் என் பதிவில் இல்லை. கட்டியிருந்தால் வங்கிச் சிட்டையின் படத்தை அனுப்பிவிடுங்கள். இந்த மாதம் சிரமமாக இருந்தால் அதையும் எழுதுங்கள், பிள்ளை வழமைபோல வகுப்புக்கு வரட்டும்.” கோபமும் கூச்சமும் இல்லாத ஒரு பொழுதில் எழுதப்பட்ட சொற்கள் என்பதால், எந்த மனநிலையில் நான் அதை அனுப்பினாலும் வாசிப்பவருக்கு அதே நிதானத்தோடு போய்ச் சேர்கிறது.

வகுப்பை வளர்ப்பதற்கு உதவும் வசதி எது என்று கேட்டால், பலர் செயலியில் உள்ள பொருட்பட்டியலைச் சுட்டிக்காட்டுவார்கள். படமும் விலையும் போட்டு வகுப்புகளை அடுக்கி வைக்கலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பு வாய்ச்சொல்லால் வளர்கிறது. பெறுபேறு வந்தவுடன் சந்திகளில் ஏறும் பதாகைகளைக்கூடப் பெற்றோர் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே படித்தது என்று கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். பொருட்பட்டியலை நான் நிரப்பியதே இல்லை.

எனக்கு வளர்ச்சிக்கு உதவியது அடையாளச் சீட்டு வசதி. ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறத்தோடு ஒரு பெயரை ஒட்டலாம். 20 பெயர்கள் வரை உருவாக்கலாம். செயலி ‘புதிய வாடிக்கையாளர்’, ‘கட்டணம் நிலுவை’, ‘செலுத்தப்பட்டது’ என்ற கடைக்காரப் பெயர்களோடு வருகிறது, அவற்றை மாற்றி எழுதிக்கொள்ளலாம். என்னிடம் ஒவ்வொரு பரீட்சை ஆண்டுக்கும் ஒரு பெயர், கட்டணம் நிலுவையில் உள்ளவர்களுக்கு ஒன்று, கட்டணம் இல்லாமல் படிக்கும் பிள்ளைகளுக்கு எனக்கு மட்டும் விளங்கும் ஒரு நிறம், அதோடு ‘இடத்துக்காகக் காத்திருப்போர்’ என்று ஒன்று இருக்கின்றன.

அந்தக் கடைசிப் பெயர் என் தொழிலையே மாற்றியது என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு தொகுதியில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது கொட்டகையின் அளவைப் பார்த்து அல்ல. அமைப்புக் கட்டுரை விடைகளை என் கையால் திருத்தி, ஒவ்வொரு பிள்ளையும் மூல் கணக்கில் எந்தப் படியில் வழுக்குகிறது என்று எழுதிக் கொடுக்க எனக்குக் கிழமைக்கு இயலக்கூடிய எண்ணிக்கை அதுதான். ஆனால் வீடு தேடி வந்து நிற்கும் தகப்பனிடம் “இடமில்லை” என்று சொல்வதற்கு நா எழாது. அதனால்தான் எங்கள் வகுப்புகள் நாற்பதில் தொடங்கி எழுபதாகி, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போகிறது. காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருப்பதால் இப்போது நான் மறுக்கவில்லை, வரிசையில் பதிகிறேன். அந்தப் பட்டியல் ஒரு புதிய தொகுதியை நடத்தப் போதுமான அளவுக்கு நீண்டால் மட்டும், எந்தக் கிழமை எந்த நேரம் என்பதை முதலில் என் நேரசூசியில் கண்டுபிடித்துவிட்டுத் தொகுதியைத் தொடங்குகிறேன். நேரம் கிடைக்காவிட்டால் தொடங்குவதில்லை; காத்திருந்தவர்களுக்கு நல்லதாக நான் கருதும் வேறு ஆசிரியர்களின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மாலையையும் ஞாயிறு முற்பகலையும் அறநெறி வகுப்புகளுக்காக விட்டுவைக்க வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி எழுவதுண்டு. கீழ் வகுப்புப் பிள்ளைகளை முன்வைத்து எழும் அந்தக் கோரிக்கை ஆசிரியருக்கும் நல்லதுதான் என்பது என் கருத்து. கிழமையில் ஒரு பொழுதாவது ஊர் முழுவதற்கும் பொதுவான ஓய்வாக இருந்தால், ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார் என்ற பதைப்பு இல்லாமற் போகும்.

குழு அறிவித்தல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிருவாகி மட்டுமே எழுதக்கூடியவாறு குழுவை அமைத்துவிடுவது அவசியம். திறந்துவிட்டால் காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் வந்து, முக்கியமான அறிவித்தல் அவற்றுக்கடியில் மறைந்துவிடும். ஒலிபரப்புப் பட்டியல் என்ற இன்னொரு வழியில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், அதில் பெற்றோர் ஒருவரின் இலக்கத்தை மற்றவர் காண்பதில்லை என்பதால் பெண் பிள்ளைகளின் பெற்றோர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் எங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். எனவே பிள்ளையைச் சேர்க்க வரும் நாளிலேயே, எனக்கு முன்னால் இலக்கத்தைப் பதியச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 25இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை மழை வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டபோது, பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலை மட்டும் அப்படியே அனுப்பி, வேறு எதையும் நம்ப வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்ததோடு என் வேலை முடிந்தது. வீட்டுக்கு வீடு அழைத்துச் சொல்ல வேண்டியிருந்தால் அந்த நாள்கள் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் விருப்பமில்லை.

பிள்ளைகளுக்கு நேரடியாக எழுதுவதை நான் இயன்றவரை தவிர்க்கிறேன். வட்ஸ்அப் பாவிக்கக் குறைந்த வயது 13. கீழ் வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பெற்றோரின் இலக்கத்தை மட்டும் வைத்திருப்பதே முறை. உயர்தரப் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள்தான். ஆனாலும் இரவில் ஆசிரியரும் மாணவியும் தனியாக எழுதிக்கொள்வது எந்த வகுப்புக்கும் நல்ல பெயரைத் தராது. பாடச் சந்தேகங்களை வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய கால் மணித்தியாலத்தில் கொட்டகையில் வைத்தே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பு பெருத்து உதவியாசிரியர் ஒருவரை வைத்துக்கொள்ளும் நிலைக்கு வரும்போது, ஒரே கணக்கை முதன்மைத் தொலைபேசிக்கு மேலதிகமாக 4 கருவிகளில் இணைக்கலாம் என்பது கைகொடுக்கும். எனக்கு உதவி செய்பவர் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் என் பழைய மாணவி. அவர் மடிகணினியிலிருந்து நேரசூசிக் கேள்விகளுக்கு மறுமொழி எழுதுகிறார், வங்கிச் சிட்டைகளைப் பதிவேட்டில் ஏற்றுகிறார். முதன்மைத் தொலைபேசி 14 நாள்களுக்கு மேல் பாவிக்கப்படாமல் கிடந்தால் இந்த இணைப்புகள் அறுந்துவிடும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. இலவசச் செயலியில், இணைக்கப்பட்ட ஒருவர் இந்த உரையாடலைப் பார்க்கலாம், அதைப் பார்க்கக் கூடாது என்று பிரித்துவைக்க வழியில்லை. கட்டணம் கட்ட முடியாத தாய் தன் வீட்டு நிலைமையை எனக்கென்று நம்பி எழுதியதை, அதே ஊரில் வாழும் இன்னொரு இளம் பெண் வாசிக்கக்கூடிய நிலை சரியானதல்ல. அதனால் அப்படியான விடயங்களை எழுத வேண்டாம், நேரில் வந்து கதைக்கலாம் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவைக்கிறேன். இந்த ஒரு குறைக்காகவே, பல ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பெரிய கல்வி நிலையங்களுக்கு இந்தச் செயலியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பு வேலையில் மிகப் பாரமானது விடைத்தாள் திருத்துவது. அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ் எந்த உதவியும் செய்யாது. பல்தேர்வு வினாக்களைக் கூகுள் படிவத்தில் வினாடிவினாவாக அமைத்தால் அது தானே திருத்திவிடும், அதன் இணைப்பைக் குழுவில் போடுவதோடு சரி. இணையவழி வகுப்புக்கு ஸூமின் இலவசத் திட்டம் 40 நிமிடத்தோடு நின்றுவிடும் என்பதால், மீட்டல் வகுப்பு ஒன்றுக்கு மட்டும் அது போதும். முழு வகுப்புக்குக் காசு கட்ட வேண்டும். இந்த இரண்டையும் பற்றி எழுதப் போனால் வேறொரு மதிப்பீடாகிவிடும்.

சேமிப்பு விடயத்தில் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். அன்ரொயிட் தொலைபேசியில் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதி இப்போது கூகுள் கணக்கின் 15 ஜி.பி. இலவச இடத்துக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. வங்கிச் சிட்டைப் படங்களும், பிள்ளைகள் அனுப்பும் விடைத்தாள் படங்களும், குரல் பதிவுகளும் சேர்ந்தால் அந்த இடம் விரைவில் நிரம்பிவிடும். வகுப்புக்கென்று தனியான கூகுள் கணக்கொன்றைத் திறந்து, காணொளிகளைக் காப்புப் பிரதியில் சேர்க்காமல் விட்டு, ஒவ்வொரு மாத முடிவிலும் சிட்டைகளைக் கணினிக்கு மாற்றிவிட்டால் சிக்கல் வராது.

தனியாக வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கும், சங்கீதம், நடனம், தையல், ஆங்கிலம் என்று வீட்டில் படிப்பிப்பவர்களுக்கும், ஓர் உதவியாளரோடு நடக்கும் இரண்டு மூன்று தொகுதி கொண்ட வகுப்புக்கும் இந்தச் செயலி முழுமையாகப் போதும். காசு கட்டி வாங்கும் மாணவர் முகாமைத்துவ மென்பொருள் எதுவும் இந்த நிலையில் தேவையில்லை. ஆனால் புதிய தொகுதி தொடங்கிய பின் நடுவில் வைத்து மாற வேண்டாம். ஒரு தொகுதி பரீட்சைக்குப் போய், அடுத்தது சேர்வதற்கு இடைப்பட்ட கிழமைகளில் புதிய இலக்கத்தை எடுத்து, வேலை நேரத்தைக் குறித்து, மறுமொழிகளை எழுதிவைத்துவிட்டு, சேர்க்க வரும் பெற்றோருக்கு அந்த நேரத்தை அச்சிட்ட தாளில் நேரசூசியோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். பழைய பெற்றோருக்கு மட்டும் பழைய இலக்கத்தை ஒரு தவணைக் காலம் திறந்து வைத்திருந்து, அதில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் புதிய இலக்கத்திலிருந்தே மறுமொழி எழுதிக்கொண்டு வந்தால், யாருக்கும் மனக்குறை இல்லாமல் எல்லோரும் புதிய இலக்கத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.